கடலில்லா மலையில் ஒரு கடற்போர்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீர் என்றால் முல்லைப் பெரியாறுதான். 1895ஆம் ஆண்டு பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் திரும்பிய நாளிலிருந்து நெல்லும் தென்னையும் திராட்சையுமாக இப்பள்ளத்தாக்கு செழித்து வருகிறது. கடலைக் காண வேண்டுமானால் மட்டும் மதுரையைத் தாண்டி இராமநாதபுரம் கரை வரை சென்றாக வேண்டும். இத்தகைய மண்ணிலிருந்து புறப்பட்டு, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மேகமலைக்கு ஏறி, அங்கே இரண்டு நாள் தங்கிக் கடற்போர் நடத்திவிட்டு வந்தோம் என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

உத்தமபாளையம் வட்டாரத்தில் நூல்கள் படித்துக் கூடிப் பேசுகின்ற நண்பர் வட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் பாய் ஒருவர், பள்ளியொன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், கீழக்கரையிலிருந்து வந்து இங்கே துணிக்கடை வைத்திருக்கும் மரைக்காயர் ஒருவர், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நான் ஆகியோர் அதில் நிலையான உறுப்பினர்கள். பழைய கடற்போர் ஒன்றைச் சிறு மரக்கப்பல்களைக் கொண்டு அளவுநாடாவும் கணக்கேடுமாக மீண்டும் நடத்திப் பார்ப்பது என்பது வரலாற்று ஆசிரியரின் யோசனை.

பயணம் சின்னமனூரிலிருந்து தொடங்கியது. தென்பழனி சோதனைச் சாவடியில் வனத்துறையினரிடம் பெயர்களைப் பதிந்த பின்னரே மேலே செல்ல இயலும். இம்மலைக்காடுகள் 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. யானைகள் சாலையைக் கடக்கும் பகுதியாதலால் இரவுப் பயணத்துக்கு இடமில்லை. மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் பழந்தமிழ் இலக்கியத்தில் வரும் மலர் ஒன்றின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு வெப்பம் குறைய, கீழே பள்ளத்தாக்கின் வயல்கள் சதுரஞ்சதுரமாகச் சுருங்கிக்கொண்டே வந்தன. பாதை முடியுமிடத்தில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. அவற்றின் நடுவே அணைக்கட்டின் நீர்ப்பரப்பு மலையிடுக்குகளில் நீண்டு கிடக்கிறது. அப்பால் மணலாறு, இரவங்கலாறு என்று தொழிலாளர் குடியிருப்புகள் தொடர்கின்றன.

ஆங்கிலேயர் இம்மலைக்கு இட்ட பெயர் ‘ஹைவேவிஸ்’. உயர்ந்த அலைகள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தேயிலை போர்த்திய குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தும் தாழ்ந்தும் செல்வதைப் பார்த்தால் பெயரிட்டவனின் கண்ணைக் குறைகூற முடியாது. “ஹஜ்ரத், கடலை நாம் தேடிப்போக வேண்டாம். அலை இங்கேயே நிற்கிறது” என்றார் ஏலக்காய் பாய். துணிக்கடை மரைக்காயர் விடவில்லை. “நீங்கள் இராவுத்தர்கள், குதிரைக்காரர் வழிவந்தவர்கள். கப்பல் எங்கள் பங்கு” என்று கூறி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

எந்தப் போரை நடத்துவது?

மரைக்காயர் முதலில் முன்மொழிந்தது வேதாளைப் போரை. 1538ஆம் ஆண்டு, கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் சார்பில் வந்த மரைக்காயர்களின் கப்பற்படையை, மார்த்திம் அபோன்சோ டி சோசா தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள வேதாளைக் கரையில் தாக்கி முறியடித்தார்கள். நம் சமுதாய வரலாற்றில் மறக்கக்கூடாத நிகழ்ச்சி அது. ஆயினும் இவ்வகை விளையாட்டுக்குக் கப்பலின் நீளம், வேகம், குண்டின் எடை, மணிக்கு மணி நடந்தவை எல்லாம் துல்லியமாகத் தேவை. அவை முழுமையாகக் கிடைக்கும் போர் ஒன்றை முதலில் ஆடிப் பழகுவோம், வேதாளையைப் பின்னர் எடுத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் எம்டன்.

எம்டன் என்ற சொல்லை அறியாத தமிழர் இரார். குறும்பும் துணிவும் மிகுந்த பிள்ளையை “அவன் ஓர் எம்டன்” என்று என் நன்னி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜெர்மனியின் வடமேற்கு மூலையிலுள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர் அது. அந்நகரின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மீது சுமார் 130 குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. தொட்டிகள் எரிந்தன. அஞ்சிய மக்கள் நகரை விட்டு வெளியேறினார்கள். அதன் நினைவாக ஒரு கல்வெட்டுப் பலகை சென்னை உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை வந்திருந்தார் என்ற கதை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்குகிறது. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார், கதைக்குச் சான்று இல்லை என்பதை வரலாற்று ஆசிரியர் எடுத்துரைத்தார்.

எம்டனின் தளபதி கார்ல் பான் முல்லர். மூன்று புகைபோக்கிகள் கொண்ட தம் கப்பலில் நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றச் செய்து வங்கக் கடலில் உலவினார். சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். பிடித்த கப்பல்களிலிருந்த மாலுமிகளையும் பயணிகளையும் பாதுகாப்பாக இறக்கிய பிறகே கப்பலை மூழ்கடிப்பது அவர் வழக்கம். தலைவனின் மனைவியும் குழந்தையும் இருந்த ‘கபிங்கா’ என்ற கப்பலை அவர் மூழ்கடிக்காமல், கைதிகளை ஏற்றி விடுவித்தார். பகைவர்களே அவரைப் பாராட்டினார்கள்.

இறுதியில் 1914 நவம்பர் 9ஆம் நாள் இந்துமாக் கடலின் கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் எம்டன் தோற்றது. அந்தக் காலை நேரத்தைத்தான் நாங்கள் மேகமலையில் நடத்திப் பார்த்தோம்.

ஆடும் முறை

போரைப் பலகையில் ஆடிப் பயிலும் வழக்கம் பிரஷ்ய நாட்டு இராணுவத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. கடற்போருக்கென்று இங்கிலாந்தில் பிரெட் ஜேன் என்பவர் 1898ஆம் ஆண்டு ஒரு விளையாட்டை வெளியிட்டார். உலகப் போர்க்கப்பல்களைப் பற்றி இன்றளவும் வெளிவரும் புகழ்பெற்ற ஆண்டு நூலைத் தொடங்கியவரும் அவரே. பின்னர் அமெரிக்க எழுத்தாளர் பிளெட்சர் பிராட், பெரிய கூடங்களின் தரையையே கடலாக்கி ஆடும் முறையை வகுத்தார்.

இவற்றுள் பிராட்டின் முறையை நாங்கள் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். நர்த் எனப்படும் பகடை ஆட்டத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக விலக்கியிருப்பதை நாம் அறிவோம். பகடை உருளும் இடத்தில் என்னால் அமர இயலாது என்பதை நண்பர்களிடம் முன்னரே சொல்லிவிட்டேன். பிராட்டின் முறையில் பகடைக்கு இடமே இல்லை. பீரங்கியை இயக்குபவர் தம் கப்பலுக்கும் எதிரிக் கப்பலுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, இத்தனை அங்குலம் என்று தாளில் எழுதித் தரவேண்டும். திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி வைக்க வேண்டும். நடுவர் அளவுநாடாவை நீட்டி, எழுதிய அங்குலம் முடியுமிடத்தில் அடையாளம் வைப்பார். அது கப்பலின்மேல் விழுந்தால் குண்டு பட்டது, தண்ணீரில் விழுந்தால் வீண். அறிவும் கண்ணும் பழக்கமும்தான் தீர்மானிக்கின்றன. அடையாளத்துக்கு அவர்கள் சிறு மரமுளைகளை வைப்பார்களாம். எங்களுக்கு ஏலக்காய் போதுமானதாக இருந்தது.

கப்பல்களை இலவ மரத்தில் செதுக்கித் தந்தவர் ஊர்த் தச்சர். வருசநாட்டுப் பக்கம் நிறைய வளரும் இலவ மரம் மெத்தென்று வெட்டுக்கு இடம் கொடுக்கும். 118 மீட்டர் நீளமுள்ள எம்டன் எங்கள் கையில் பத்துச் செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிட்னி அதைவிட ஏறத்தாழ ஒரு விரற்கடை நீளம். தரையில் ஓர் அங்குலம் என்பது கடலில் 100 கஜம். ஒரு முறை என்பது இரண்டு நிமிடம். மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல் ஓடும் சிட்னி ஒரு முறைக்கு 17 அங்குலம் நகரலாம். மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்து தேய்ந்த எம்டனுக்கு 15 அங்குலம்.

இரண்டு கப்பல்களும் ஒரு பக்கமாகச் சுடும்போது தலைக்கு ஐந்து பீரங்கிகளைப் பயன்படுத்தலாம். எண்ணிக்கையில் வேற்றுமை இல்லை. ஆனால் எம்டனின் குண்டு ஒன்று ஏறத்தாழ 17 கிலோ, சிட்னியின் குண்டு ஒன்று 45 கிலோ. ஆகவே எம்டன் ஒரு தடவை 85 கிலோ இரும்பை வீசினால் சிட்னி 225 கிலோவை வீசும். வேகமும் மிகுந்த சிட்னி, தனக்கு வசதியான தூரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுமே ஹவில்தார் அண்ணன், “சண்டை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது” என்றார்.

கூடத்தில் நடந்தவை

வாடகைக்கு எடுத்திருந்த விடுதியின் நீண்ட கூடம் எங்கள் கடலாயிற்று. லுஹர் தொழுகைக்குப் பின் நாற்காலிகளை வெளியேற்றி, தரையில் சாக்பீஸால் தீவை வரைந்தோம். எம்டனுக்கு ஏலக்காய் பாய் தளபதி. சிட்னிக்கு ஹவில்தார் அண்ணன். கணக்கேடு என்னிடம்.

நடுவர் பொறுப்பைப் பாயின் மகள் ஏற்றார். கல்லூரியில் கணிதம் பயிலும் பெண். வரலாற்று ஆசிரியர் அவருக்கு ஒரு செய்தியைச் சொல்லியிருந்தார். 1942ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், ஜெர்மன் நீர்மூழ்கிகளை முறியடிக்க வழி காண்பதற்காகக் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியின்கீழ் ஒரு பிரிவு அமைந்தது. அங்கே தரையைக் கடலாக்கி, நீர்மூழ்கியின் பாதையைச் சாக்பீஸால் வரைந்து, தளபதிகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, திரையிலுள்ள சிறு துளை வழியே மட்டும் பார்க்க விடுவார்களாம். நடுக்கடலில் நிற்பவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பது நோக்கம். அதை நடத்தியவர்களுள் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பெண்கள். அட்லாண்டிக் கடலில் பணியாற்றிய சுமார் 5,000 அதிகாரிகள் அவர்களிடம் பயிற்சி பெற்றுச் சென்றார்கள். இதைக் கேட்டது முதல் அப்பெண் போர்வையொன்றைக் கயிற்றில் கட்டித் திரையாக்கி, யார் எதைப் பார்க்கலாம் என்பதைத் தாமே வகுத்துவிட்டார்.

முதல் ஆட்டத்தை வரலாற்றில் நடந்தபடியே தொடங்கினோம். காலை ஆறு மணிக்கு எம்டன் டைரக்‌ஷன் தீவில் நங்கூரம் பாய்ச்சுகிறது. அங்குள்ள தந்தி நிலையத்தை அழித்துக் கடலடிக் கம்பிகளை அறுக்க, பான் மூக்கே என்ற அதிகாரியுடன் மொத்தம் 50 பேர் கரையிறங்குகிறார்கள். தந்தி நிலையத்தார் அதற்குள் கம்பியில்லாத் தந்தியில் அபயக்குரல் எழுப்பிவிடுகிறார்கள். அக்குரல் எட்டிய சிட்னி, ஐம்பது கடல் மைலுக்குச் சற்று அப்பால்தான் இருக்கிறது. எம்டன் அதை அறியவில்லை. பகைக்கப்பல் வெகுதொலைவில் இருப்பதாக எண்ணுகிறது. ஒன்பது மணியளவில் அடிவானில் தெரிந்த புகையைத் தன் நிலக்கரிக் கப்பலின் புகை என்றே முதலில் கருதுகிறது. உண்மை புலப்பட்டபோது கரையிலிருந்தவர்கள் திரும்ப நேரமில்லை. அவர்களை விட்டுவிட்டு நங்கூரத்தை எடுக்கிறது.

சுமார் 10,000 கஜத்தில், அதாவது எங்கள் கூடத்தில் 100 அங்குலத்தில், குண்டுவீச்சு தொடங்கிற்று. உண்மைப் போரைப் போலவே எம்டனின் முதற்குண்டுகள் நன்றாகவே விழுந்தன. பாய் சரக்கைக் கண்ணால் எடைபோட்டுப் பழகியவர். பிறகு ஹவில்தார் அண்ணனின் கணிப்பு நெருங்கி வந்தது. ஒவ்வோர் அடிக்கும் எம்டனின் வேகமும் பீரங்கியும் குறைய, அஸர் தொழுகைக்குள் ஆட்டம் முடிந்தது. அசல் எம்டன் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறைமீது தானே ஏறி நின்றது. எங்கள் எம்டன் சுவரோரம் நின்றது.

அப்போது பாயின் தகப்பனார் ஒரு கேள்வி கேட்டார். எண்பதைத் தாண்டிய பெரியவர். மூலையில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டியபடி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர். “எல்லாம் சரி, ஹஜ்ரத். ஏலக்காய் விழுந்ததை எண்ணினீர்கள். இதற்குள் இருந்த மனிதர்களை யார் எண்ணினார்கள்?”

கூடம் அமைதியாயிற்று. நியாயமான கேள்வி. மரக்கப்பல் பெட்டிக்குள் திரும்பிப் போகிறது, மறுநாள் மீண்டும் வருகிறது. மனிதன் அப்படி வருவதில்லை. அன்றே நாங்கள் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும், அப்போரில் மாந்தருக்கு நேர்ந்ததைக் கணக்கேட்டிலிருந்து ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். அதுவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

மக்ரிபுக்குப் பின் நான் படித்தேன். எம்டனில் இறந்தவர்கள் 134 பேர். சிட்னியில் நால்வர். தளபதி முல்லர் சிறைப்பட்டார். உயிர்தப்பியவர்கள் பின்னாளில் தங்கள் குடும்பப் பெயரோடு ‘எம்டன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ள அவர்கள் நாட்டு அரசு இசைந்தது. கரையில் விடப்பட்ட 50 பேர் அத்தீவிலிருந்த பழைய பாய்க்கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு தப்பினார்கள். அதன் பெயர் ‘ஆயிஷா’. சுமத்திரா வரை அதில் சென்று, பின் ஒரு ஜெர்மன் வணிகக் கப்பலில் ஏறி, 1915 ஜனவரியில் யமன் நாட்டு ஹுதைதாவில் இறங்கினார்கள். ஜித்தாவுக்கு அருகே பாலைவனத்தில் முற்றுகையிடப்பட்டுச் சிலர் மாண்டனர். எஞ்சியோர் ஹிஜாஸ் இரயில் பாதையை அடைந்து, 1915 மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். ஹாஜிகளுக்காகப் போடப்பட்ட அந்தப் பாதையில் அவர்கள் வந்த கதையைப் பெரியவர் இருமுறை கேட்டார்.

பனிமூட்டம்

இரண்டாம் நாள் காலை ஃபஜ்ருக்குப் பின் வெளியே வந்தபோது அணையையும் காணவில்லை, தோட்டத்தையும் காணவில்லை. மேகம் இறங்கி வாசலில் நின்றது. தேயிலை பறிக்கச் செல்லும் பெண்களின் பேச்சொலி மட்டும் கேட்டது. பத்தடியில் போகிறார்களா நூறடியில் போகிறார்களா என்று சொல்ல இயலவில்லை. கண்ணுக்குத் தெரியாததன் தூரத்தைக் கணிப்பது எவ்வளவு அரிது என்பது விளங்கிற்று.

அன்று காலை இரண்டாம் ஆட்டம். பாய் நெருங்கிச் சென்று டார்ப்பிடோ வீச முயன்றார். சிட்னிக்குச் சேதம் கூடிற்று. எம்டனுக்கு முடிவு முன்னதைவிட விரைவாக வந்தது.

மூன்றாம் ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒரு மாற்றம் செய்தார். பகைக்கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டினார். “ஐம்பது மைலாகவும் இருக்கலாம், இருநூற்றைம்பதாகவும் இருக்கலாம். அத்தா, இப்போது உங்களுக்கு முல்லருக்குத் தெரிந்தது மட்டும்தான் தெரியும்” என்றார்.

பாய் எம்டனை நங்கூரமிட்டார். ஆட்களைக் கரையிறக்கினார். அபயக்குரல் எழுந்ததாகவும், அதற்கு எங்கோ மெல்லிய மறுமொழி கேட்டதாகவும் நடுவர் அறிவித்தார். பாய் நெடுநேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, கரையிறங்கிய அனைவரையும் உடனே திரும்ப அழைப்பதாகவும், கம்பிகளை அறுக்காமலே தெற்கு நோக்கிச் செல்வதாகவும் எழுதிக் கொடுத்தார். உறையைப் பிரித்தார்கள். 250 கடல் மைல் என்றிருந்தது.

உடன் வந்திருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். பகல் முழுதும் கையில் இருந்திருக்கிறது, எம்டன் பயந்து ஓடிவிட்டது என்றார்கள். வந்த வேலை முடியாததால் இது எம்டனுக்குத் தோல்வியே என்று வாதிட்டார் வரலாற்று ஆசிரியர். ஹவில்தார் அண்ணன் ஏற்கவில்லை. கப்பல் இருந்தால் இன்னொரு நாள் இன்னொரு கம்பியை அறுக்கலாம் என்றார். பாய் தம் வழக்கை இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். “தூரம் தெரியாதபோது கிட்டத்தில் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும், மாமா. விலை தெரியாத நாளில் நான் சரக்கு ஏற்றுவதில்லை.”

எந்தப் பக்கம் நியாயம் என்று இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை. நடுவரும் வெற்றி தோல்வி அறிவிக்காமல் கணக்கேட்டை மூடச் சொன்னார். அப்போது பெரியவர் விதியை நினைவூட்டினார். மனிதருக்கு நேர்ந்ததைப் படித்த பிறகல்லவா எழுந்திருக்க வேண்டும்?

நான் ஏட்டைத் திறந்தேன். மூன்றாம் ஆட்டத்தின் பக்கத்தில் ஒரு குண்டும் பதிவாகவில்லை. படிப்பதற்கு எதுவும் இல்லை என்று சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கூறிப் பெரியவர் முதலில் எழுந்தார்.